நம் வீட்டு ஜாம்: திராட்சைத் தோட்டமும் கடற்பாசியும்



பிழைப்பைத் தேடிப் பெங்களூருக்கு வந்து குடியேறிய நம்முடைய குடும்பங்களில் காலை வேளை என்பது ஒரு பெரிய ஓட்டம். தகப்பனார் முதல் ஷிப்டுக்குப் புறப்பட வேண்டும். தாயார் கார்மென்ட்ஸ் வேலைக்கோ, அலுவலகத்துக்கோ, வீட்டு வேலைக்கோ செல்ல வேண்டும். பிள்ளைகளுடைய பள்ளி வேன் தெருமுனையில் ஹாரன் அடிக்கிறது. இட்லி மாவு புளிக்காத குளிர்ந்த நாட்களில் பிள்ளைகளின் டப்பாவுக்குள் போவது பெரும்பாலும் பிரட்டும் ஜாமும்தான். இதில் குற்றம் ஒன்றும் இல்லை. ஆனால் அந்தப் புட்டிக்குள் என்ன இருக்கிறது என்பதை அறிந்து வாங்குகிறோமா? அதை நாமே செய்யக் கூடுமா? இவ்விரண்டு கேள்விகளையும் இந்த மாதம் சற்று ஆராய்வோம்.

இந்திய உணவுப் பாதுகாப்பு விதிமுறைகளின்படி ஜாம் என்று பெயரிட்டு விற்கப்படும் பொருளில் பழம் 45 சதவீதத்துக்குக் குறையாமல் இருக்க வேண்டும். ஸ்ட்ராபெர்ரி போன்ற ஓரிரு பழங்களுக்கு மாத்திரம் 25 சதவீதம். கரைந்துள்ள திடப்பொருள் 65 சதவீதத்துக்குக் குறையக்கூடாது. அந்தத் திடப்பொருளில் மிகப் பெரும்பகுதி சர்க்கரையே. அதாவது பிள்ளையின் ரொட்டியில் தடவுகிற மூன்று கரண்டி ஜாமில் ஏறக்குறைய இரண்டு கரண்டி சர்க்கரை. நிறுவனங்கள் ஏமாற்றுகின்றன என்று இதற்குப் பொருள் கொள்ளலாகாது. அத்தனை சர்க்கரை இருப்பதால்தான் அந்தப் புட்டி மாதக்கணக்கில் கடையில் கெடாமல் நிற்கிறது. மேலும், பழத்தைக் கெட்டியாக்குகிற பெக்டின் என்னும் பொருள் வேலை செய்வதற்கும் அத்தனை சர்க்கரை தேவைப்படுகிறது.

பெக்டின் என்பது என்ன?

பெக்டின் எல்லாப் பழங்களிலும் இயற்கையாகவே உள்ள ஒரு பசை. செங்கற்களைச் சுண்ணாம்புக் கலவை பிடித்து வைத்திருப்பதுபோல, தாவரங்களின் உயிரணுக்களை ஒன்றோடொன்று பிடித்து வைத்திருப்பது இதுவே. 1825ஆம் ஆண்டு ஹென்றி பிரக்கோனோ என்னும் பிரெஞ்சு விஞ்ஞானி இதைப் பிரித்தெடுத்துப் பெயரிட்டார். ஆரஞ்சு, எலுமிச்சை ஆகியவற்றின் தோலிலிருந்தும், சாறு பிழிந்த ஆப்பிள் சக்கையிலிருந்தும் இன்று தொழிற்சாலைகளில் இதைத் தூளாக எடுக்கிறார்கள். கொய்யாவில் பெக்டின் மிகுதி. ஆகையால் கொய்யா ஜெல்லி எந்தத் தூளும் இன்றி உறைந்துவிடும். நன்கு பழுத்த மாம்பழம், அன்னாசி, ஸ்ட்ராபெர்ரி ஆகியவற்றில் குறைவு. பழம் மிகவும் கனிந்துபோனால் உள்ள பெக்டினும் பலவீனமடையும்.

சாதாரணப் பெக்டின் உறைய மூன்று காரியங்கள் கூடி வரவேண்டும்: போதுமான சூடு, நல்ல புளிப்பு, 60 சதவீதத்துக்கு மேற்பட்ட சர்க்கரை. இவற்றில் ஒன்று குறைந்தாலும் ஜாம் தண்ணீராக ஓடும். "சர்க்கரையைப் பாதியாகக் குறைத்தேன், ஜாம் கெட்டியாகவில்லையே" என்று சகோதரிகள் சொல்வதன் காரணம் இதுவே. அப்படியானால் சர்க்கரையைக் குறைத்தும் ஜாமைக் கெட்டியாக்க வழி உண்டா? உண்டு. அதுவும் நம் தமிழ்நாட்டுக் கடற்கரையிலிருந்தே வருகிறது.

கடற்பாசியின் கதை

கடைகளில் 'அகர் அகர்' என்றும் 'சைனா கிராஸ்' என்றும் கேட்டால் கிடைக்கும் பொருளைத்தான் நம் மக்கள் 'கடல்பாசி' என்று சொல்லுகிறார்கள். தமிழகத்தின் இஸ்லாமியச் சகோதரர்கள் நோன்பு திறக்கும் வேளைக்குப் பால் ஊற்றிச் செய்யும் அந்தக் குளிர்ந்த இனிப்பை உங்களில் பலர் சுவைத்திருப்பீர்கள். இழைகளாகவும் கிடைக்கிறது, வெள்ளைத் தூளாகவும் கிடைக்கிறது. ஜாமுக்குத் தூளே வசதியானது.

1658ஆம் ஆண்டு ஜப்பானில் மினோ தாரோசாயெமோன் என்ற விடுதிக்காரர், மீந்துபோன கடற்பாசிக் களியைக் குளிர்கால இரவில் வெளியே கொட்டினாராம். அது உறைந்து, வெயிலில் உருகி, காய்ந்து சருகாயிற்று. அதை மறுபடியும் கொதிக்கவைத்தபோது முன்னிலும் தெளிவாக உறைந்தது. இவ்வாறு அகர் பிறந்ததாக ஜப்பானியர் சொல்லி வருகிறார்கள்.

இதைவிட வியப்பானது 1881ஆம் ஆண்டின் நிகழ்ச்சி. ஜெர்மனியில் ராபர்ட் கோக் என்னும் மருத்துவ மேதையின் ஆய்வகத்தில் கிருமிகளை வளர்ப்பதற்கு ஜெலட்டினைப் பயன்படுத்தினார்கள். கோடைச் சூட்டில் அது உருகிவிடும். சில கிருமிகளோ அதையே தின்று கரைத்துவிடும். அங்கு பணியாற்றிய வால்டர் ஹெஸ்ஸே என்னும் மருத்துவர் சோர்ந்துபோன வேளையில், அவருடைய மனைவி ஃபேனி ஹெஸ்ஸே, தாம் சமையலறையில் ஜெல்லி செய்யும் அகரைப் பயன்படுத்திப் பார்க்கும்படி ஆலோசனை கூறினார். ஜாவா தீவில் வாழ்ந்திருந்த ஒரு டச்சுக் குடும்பத்தாரிடமிருந்து அதை அவர் அறிந்திருந்தார். அகர் உருகவில்லை, கிருமிகளாலும் அதைக் கரைக்க இயலவில்லை. 1882இல் காசநோய்க் கிருமியைப் பற்றிக் கோக் உலகுக்கு அறிவித்தபோது அகரைக் குறிப்பிட்டார். அந்த அம்மையாரின் பெயரைக் குறிப்பிடவில்லை. இன்றும் நம் பெங்களூர் மருத்துவமனைகளின் பரிசோதனைக்கூடங்களில் சிறுநீர், சளி ஆகியவற்றின் கிருமிப் பரிசோதனை அந்த அகரின்மேல்தான் நடக்கிறது. அடுப்பங்கரையில் நிற்கும் ஒரு பெண்ணின் அறிவு எத்தனை கோடி உயிர்களுக்குப் பயன்பட்டது, பாருங்கள்!

இராமநாதபுரத்துக் கைகள்

இந்தியாவில் அகருக்கான பாசி முக்கியமாக மன்னார் வளைகுடாவிலிருந்து எடுக்கப்படுகிறது. 1960களிலிருந்து மதுரை வட்டாரத்தில் அகர் தயாரிக்கும் சிறு தொழிற்சாலைகள் தோன்றின. நம் வாசகர்களில் இராமநாதபுரம், பரமக்குடி, மானாமதுரைப் பக்கத்திலிருந்து பெங்களூர் வந்தவர்களுக்கு இது அந்நியமான செய்தி அல்ல.

பாம்பன், இராமேஸ்வரம் பகுதிகளின் பெண்கள் தலைமுறைகளாக இந்தப் பாசியை எடுத்து வருகிறார்கள். அவர்கள் 'மரிக்கொழுந்து' என்றும் 'கஞ்சிப்பாசி' என்றும் பெயரிட்டு அழைப்பவையே அகர் தரும் பாசிகள். கண்ணாடி அணிந்து, விரல்களில் துணி சுற்றி, மூச்சை அடக்கிக்கொண்டு கடலுக்குள் மூழ்கி, பாறைகளிலிருந்து கையால் பறிக்கிறார்கள். பாறைகள் கையைக் கிழிக்கும். உப்புநீர் காயத்தை எரிக்கும். 1986ஆம் ஆண்டு அங்குள்ள 21 தீவுகளைச் சூழ்ந்த கடற்பகுதி தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. பிற்காலத்தில் கட்டுப்பாடுகள் இறுகியபோது அவர்களுடைய பிழைப்பு நெருக்கடிக்குள்ளானது. அந்தப் பெண்கள் சங்கமாகக் கூடி, மாதத்தில் 12 நாட்கள் மாத்திரம் பாசி எடுப்பது, இரும்புச் சுரண்டிகளைத் தவிர்ப்பது என்று தங்களுக்குத் தாங்களே ஒழுங்கு வகுத்துக்கொண்டார்கள். அவர்களுடைய தலைவியாக நின்ற சின்னப்பாலத்தைச் சேர்ந்த இலட்சுமி மூர்த்தி என்னும் பெண்மணிக்கு 2015ஆம் ஆண்டு அமெரிக்காவின் சீக்காலஜி அமைப்பு தன் விருதை வழங்கியது.

2000ஆம் ஆண்டுக்குப் பின் அதே கடற்கரையில் மூங்கில் தெப்பங்களில் வேறொரு பாசியும் வளர்க்கப்படுகிறது. பெப்சி நிறுவனம் தொடக்கத்தில் அதை ஊக்குவித்ததால் மக்கள் அதைப் 'பெப்சி பாசி' என்றே அழைக்கலானார்கள். அதிலிருந்து கிடைப்பது அகர் அல்ல, கராஜீனன் என்னும் வேறொரு உறையவைக்கும் பொருள். பொட்டலங்களின் மேலுள்ள எண்களைக் கவனியுங்கள்: 440 என்றால் பெக்டின், 406 என்றால் அகர், 407 என்றால் கராஜீனன். மூன்றும் தாவர வகையைச் சேர்ந்தவையே.

ஜெலட்டின் அப்படியல்ல. அது மிருகங்களின் தோலிலிருந்தும் எலும்பிலிருந்தும் எடுக்கப்படுவது. நமக்கு அதை உண்பதில் தடை இல்லாதிருக்கலாம். ஆனால் இந்த நகரத்தில் நம் மாடிப்படியின் ஒருபுறம் சைவ உணவுக்காரரும், மறுபுறம் இஸ்லாமியக் குடும்பத்தாரும் வசிக்கிறார்கள். கிறிஸ்துமஸ் நாளில் நாம் அன்போடு கொடுக்கும் புட்டி அவர்களுக்கு இடறலாகிவிடக் கூடாதல்லவா? ஆகையால் பொட்டலத்தின்மேல் பச்சைப் புள்ளி இருக்கிறதா என்று பார்த்தே வாங்குங்கள். இன்னொரு பயனும் உண்டு. பச்சை அன்னாசியிலும் பப்பாளியிலும் உள்ள நொதிகள் ஜெலட்டினைக் கரைத்துவிடும். அகரை அவை ஒன்றும் செய்யா.

நம் ஊரின் திராட்சை

பழத்துக்கு நாம் தூரம் போகவேண்டியதில்லை. பெங்களூர் நீலத் திராட்சை இந்த மண்ணின் சொத்து. பெங்களூர் ஊரகம், சிக்கபள்ளாபூர், கோலார் மாவட்டங்களில் விளைகிறது. 2013ஆம் ஆண்டு புவிசார் குறியீடும் பெற்றது. கம்பம் பள்ளத்தாக்கின் பன்னீர் திராட்சை வேறு, இது வேறு. தோல் தடிப்பு, விதை உண்டு, புளிப்பும் தனி மணமும் உண்டு. சும்மா தின்பதற்குச் சிலர் தயங்கினாலும் சாறுக்கும் ஜாமுக்கும் இதற்கு நிகர் அரிது. இந்தத் திராட்சை விவசாயிகளுக்காக 1959ஆம் ஆண்டு மரிகவுடா அவர்களின் முயற்சியால் தொடங்கப்பட்ட கூட்டுறவுச் சங்கமே வளர்ந்து இன்று நாம் காய்கறி வாங்கும் ஹாப்காம்ஸ் ஆயிற்று.

இதே இனத்தைச் சார்ந்த கான்கார்டு திராட்சையைக் கொண்டுதான் 1869இல் அமெரிக்காவில் தாமஸ் வெல்ச் என்னும் மெதடிஸ்ட் விசுவாசி, திருவிருந்துக்காகப் புளிக்காத திராட்சைரசத்தைத் தயாரித்தார். சாற்றைப் புட்டியில் அடைத்துச் சூடாக்கினால் அதிலுள்ள ஈஸ்ட் மடிந்துவிடும், ரசம் மதுவாக மாறாது என்பதே அவர் கைக்கொண்ட முறை. அவருடைய குடும்ப நிறுவனம் முதலாவது உலகப்போர்க் காலத்தில், 1918இல், திராட்சை ஜாமையும் செய்தது. முதல் தயாரிப்பு முழுவதையும் அமெரிக்க இராணுவம் வாங்கிக்கொண்டது.

செய்முறை

தேவையானவை: நீலத் திராட்சை 1 கிலோ, சர்க்கரை 350 கிராம், அகர் தூள் 2 கிராம் (சிறு தேக்கரண்டியில் தலைதட்டி ஒன்று), தண்ணீர்.

1. கழுவிய கண்ணாடிப் புட்டிகளையும் மூடிகளையும் தண்ணீரில் மூழ்கவைத்து 10 நிமிடம் கொதிக்கவிட்டு, சுத்தமான துணியின்மேல் கவிழ்த்து உலரவிடுங்கள்.

2. திராட்சையை ஓடும் தண்ணீரில் நன்கு கழுவி, காம்பு நீக்கி, அழுகியவற்றை அகற்றுங்கள். அடிகனமான எவர்சில்வர் பாத்திரத்தில் அரை டம்ளர் தண்ணீருடன் வேகவையுங்கள். புளிப்பான பழத்துக்கு அலுமினியப் பாத்திரமும் ஈயம் பூசாத பித்தளையும் வேண்டாம்.

3. கால்மணி நேரத்தில் தோல் கழன்று நிறம் இறங்கும். மசித்து, வடிதட்டில் தேய்த்து வடிகட்டுங்கள். விதையும் தோல் சக்கையும் மேலே தங்கும். ஏறக்குறைய 700 கிராம் விழுது கிடைக்கும்.

4. விழுதில் சர்க்கரையைச் சேர்த்து, அடிபிடிக்காமல் கிளறியபடி 15 முதல் 20 நிமிடம் கொதிக்கவிடுங்கள்.

5. இதற்கிடையில் வேறொரு சிறு பாத்திரத்தில் அரை டம்ளர் குளிர்ந்த தண்ணீரில் அகர் தூளைத் தூவி, ஐந்து நிமிடம் ஊறவிட்டு, பின்பு மூன்று நிமிடம் நன்றாகக் கொதிக்கவையுங்கள். துகள் தெரியாமல் கரைய வேண்டும். வெதுவெதுப்பான நீரில் அகர் கரையாது, கொதித்தே ஆகவேண்டும்.

6. அகர் கரைசலைக் கொதிக்கும் விழுதில் ஊற்றி, இரண்டு நிமிடம் கலக்கி இறக்குங்கள். சூட்டோடு சூடு சேர வேண்டும். ஆறின பழத்தில் ஊற்றினால் கட்டிகட்டியாகிவிடும். முதலிலேயே பழத்தோடு சேர்த்து நெடுநேரம் கொதிக்கவிட்டால் பழத்தின் புளிப்பு அகரின் பலத்தைக் குறைத்துவிடும். ஆகவே அது கடைசியிலேயே சேரவேண்டும்.

7. குளிர்ந்த தட்டில் ஒரு துளி விட்டு இரண்டு நிமிடம் பொறுத்து விரலால் தள்ளிப் பாருங்கள். சுருக்கம் விழுந்தால் பதம் சரி. சூடாகவே புட்டியில் நிரப்பி மூடுங்கள். குளிர்ந்த புட்டியில் கொதிக்கும் ஜாமை ஊற்றினால் கண்ணாடி வெடிக்கும். புட்டியும் வெதுவெதுப்பாக இருக்கட்டும்.

அகர் சுமார் 40 டிகிரிக்குக் கீழே ஆறும்போது உறையும். 85 டிகிரிக்கு மேல் சூடாக்கினால் மறுபடி உருகும். எனவே மிகவும் கெட்டியாகிவிட்டால் பயப்படாதேயுங்கள். சிறிது தண்ணீர் சேர்த்து மறுபடி கொதிக்கவைத்து உறையவிடலாம். சாதாரணப் பெக்டின் ஜாமில் இந்த வசதி இல்லை. சில நாளில் மேலே சிறிது நீர் கசிந்தால் அதுவும் அகரின் இயல்பே, கரண்டியால் கலக்கிக்கொள்ளுங்கள்.

அன்னாசிக்கும் பழுத்த மாம்பழத்துக்கும் இதே முறைதான். தமிழ்நாட்டில் 'பெங்களூரா' என்று பெயர்பெற்ற கிளிமூக்கு மாம்பழம் கிருஷ்ணகிரியிலிருந்து மலிவாக வரும் காலத்தில் செய்து பாருங்கள். மாம்பழத்துக்கு ஒரு எலுமிச்சம்பழச் சாறும், அகர் 3 கிராமும் தேவைப்படும்.

நெடுநாள் வைத்திருக்க வேண்டுமா?

நெடுநாள் வெளியே வைக்கும் ஜாம் வேண்டுமானால் பெக்டின் முறையே ஏற்றது. ஒரு கிலோ விழுதுக்கு முக்கால் முதல் ஒரு கிலோ சர்க்கரை, பழத்துக்குத் தக்கபடி 5 முதல் 10 கிராம் பெக்டின் தூள் தேவைப்படும். தூளை ஐந்து மடங்கு சர்க்கரையுடன் உலர்ந்த நிலையில் கலந்த பின்பே தூவ வேண்டும். இல்லாவிட்டால் உருண்டை கட்டும். புத்தகங்களில் 105 டிகிரி வந்ததும் இறக்கும்படி எழுதியிருக்கும். அது கடல்மட்டத்திலுள்ள சென்னை, தூத்துக்குடி போன்ற ஊர்களுக்குரிய கணக்கு. பெங்களூர் கடல்மட்டத்துக்கு ஏறக்குறைய 900 மீட்டர் உயரத்தில் இருப்பதால் இங்கு தண்ணீர் சுமார் 97 டிகிரியிலேயே கொதித்துவிடும். ஆகவே இங்கு 102 டிகிரியே பதம். 105 வரை காத்திருந்தால் ஜாம் கருகி மிட்டாயாகிவிடும்.

எச்சரிக்கைகள்

முதலாவது, சர்க்கரை குறைந்த ஜாம் வெளியில் நிற்காது. அகர் கெட்டியாக்குமேயன்றிக் கெடாமல் காக்காது. ஃபிரிட்ஜில் வைத்து மூன்று வாரத்துக்குள் முடித்துவிடுங்கள். ஃபிரிட்ஜ் இல்லாத வீட்டில் இரண்டு மூன்று நாளுக்குப் போதுமான அளவே செய்யுங்கள்.

இரண்டாவது, பூஞ்சணம் பிடித்தால் மேலாக எடுத்துவிட்டு மீதியைப் பிள்ளைகளுக்குக் கொடுக்காதேயுங்கள். கண்ணுக்குத் தெரியாமல் அது உள்ளே இறங்கியிருக்கும். முழுவதையும் கொட்டிவிடுங்கள்.

மூன்றாவது, நீரிழிவு உள்ளவர்கள் "வீட்டில் செய்தது" என்ற ஒரே காரணத்தால் தாராளமாக உண்ணலாகாது. திராட்சையிலேயே சர்க்கரை உண்டு. நாம் சேர்த்ததும் உண்டு. குறைந்திருக்கிறது, இல்லாமற்போகவில்லை.

நான்காவது, உலர்ந்த அகர் தூளைப் பிள்ளைகள் கைக்கு எட்டவிடாதேயுங்கள். வாயில் போட்டு விழுங்கினால் அது நீரை உறிஞ்சித் தொண்டையில் அடைத்துக்கொள்ளும்.

ஐந்தாவது, விற்க விரும்பும் சகோதரிகளுக்கு ஒரு வார்த்தை. வீட்டிலிருந்து சிறிய அளவில் விற்பதானாலும் உணவுப் பாதுகாப்பு ஆணையத்தில் பதிவு செய்யவேண்டும். புட்டியின்மேல் என்னென்ன சேர்த்தீர்கள், எந்த நாளில் செய்தீர்கள், எதுவரை உண்ணலாம் என்று உண்மையாய் எழுதுங்கள். சபையில் எல்லாரும் தெரிந்தவர்கள்தானே என்று இதை அசட்டை செய்யவேண்டாம். தெரிந்தவர்கள் நம்பி வாங்குகிறார்கள். ஆகையால் நம்முடைய பொறுப்பு அதிகமாகிறது. உணவைப் பதப்படுத்தும் முறைகளை ஆராய்வதற்கென்றே 1950ஆம் ஆண்டு முதல் மைசூரில் மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையம் இயங்கி வருகிறது. தொழிலாகவே செய்ய விரும்புவோர் அது நடத்தும் பயிற்சிகளைப் பற்றி விசாரித்து அறியலாம்.

கணக்குப் பார்த்தால் எல்லா மாதத்திலும் வீட்டு ஜாம் மலிவாக இராது. பழம் மலிந்த காலத்தில், சாயங்கால வேளையில் ரஸ்ஸல் மார்க்கெட்டிலோ கே.ஆர். மார்க்கெட்டிலோ கூடை காலியாகும் நேரத்தில் வாங்கினால் இலாபம் உண்டு. பழம் விலையேறிய காலத்தில் கடைப் புட்டியை வாங்குவதே புத்தி. அப்பொழுதும் சீட்டை வாசித்து வாங்குங்கள். தடவும்போது கரண்டியின் அளவைக் குறையுங்கள்.

ஒரு சனிக்கிழமை மாலை பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டு இதைச் செய்து பாருங்கள். சிறியவர்கள் காம்பு கிள்ளட்டும், பெரியவன் அகரைக் கலக்கட்டும். அந்த 2 கிராம் தூள் எங்கிருந்து வந்தது, எந்தக் கடலில் யாருடைய கைகள் அதைப் பறித்தன என்பதையும் அவர்களுக்குச் சொல்லுங்கள். இந்நகரத்தில் பிறந்த நம் பிள்ளைகள் இராமேஸ்வரம் கடலைக் காணாதிருக்கலாம். உணவுக்காக ஸ்தோத்திரம் செலுத்தும் வேளையில் அந்தப் பெண்களையும், சிக்கபள்ளாபூர்த் தோட்டத்து விவசாயிகளையும் நினைத்துக்கொள்ள அவர்கள் கற்றுக்கொள்ளட்டும்.